பயெட், ரொனால்டோவின் முழங்கால், சேன் பியர் பார்: இறுதி ஆட்டத்தை எங்கே பார்ப்பது?

கேள்வி, 3 ஜூலை 2024

புதுச்சேரியிலிருந்து போன வருடம்தான் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வேலைக்கு வந்தேன். சேன் பியரில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை யூரோ கால்பந்துப் போட்டியின் காலிறுதியில் பிரான்ஸ், போர்ச்சுகல் மோதுகின்றன, இங்கே இரவு 11 மணிக்கு. 14ஆம் தேதி இறுதி ஆட்டமும் அதே நேரம்தான். இவ்வளவு ராத்திரியில் பாரில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா, வீட்டில் மொபைலில் பார்த்தால் போதாதா? இன்னொன்று. 2016 யூரோ இறுதியில் போர்ச்சுகலோடு ஆடியபோது பிரான்ஸ் அணியில் இருந்த உங்கள் ஊர்க்காரர் பயெட் வேண்டுமென்றே ரொனால்டோவின் காலை உடைத்தார், அந்தப் பாவத்தால்தான் பிரான்ஸ் தோற்றது என்று வேலை இடத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?

3 ஜூலை 2024, இரவு

தம்பி, இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது.

உடைக்கவில்லை. எலும்பு எதுவும் உடையவே இல்லை. 8ஆவது நிமிடம், நடு மைதானம், பயெட் பந்துக்குத்தான் போனார், போன வேகத்தில் அவர் முழங்கால் ரொனால்டோவின் இடது முழங்காலில் இடித்தது. நடுவர் கிளாட்டன்பர்க் அட்டை எதுவும் காட்டவில்லை. ரொனால்டோ வெளியே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார், ஓட முடியவில்லை, 25ஆவது நிமிடத்தில் கேப்டன் பட்டையை நானியிடம் கொடுத்துவிட்டு அழுதபடி ஸ்ட்ரெச்சரில் போனார். குவாரெஸ்மா உள்ளே வந்தார். காயம் என்று பிறகு சொன்னது முழங்காலின் உட்பக்கத் தசைநாரில் முதல் நிலைச் சுளுக்கு. செப்டம்பர் 10ஆம் தேதி ரியல் மாட்ரிட்டுக்குத் திரும்ப ஆட வந்து கோலும் போட்டார். இதில் கால் உடைந்த கதை எங்கிருந்து வந்தது?

தான் வேண்டுமென்று செய்யவில்லை என்று பயெட்டும் சொல்லிவிட்டார். நான் நம்புகிறேன். அந்த ஆட்டத்தை அவர் பிறந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

4 ஜூலை 2024

காலையில் இன்னும் இரண்டு பேர் இதே கதையை வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

திமித்ரி பயெட் பிறந்தது 1987இல், இதே சேன் பியரில். சின்ன வயதில் பிரான்சுக்குப் போய் லெ ஆவர் கிளப்பில் சேர்ந்தார், அங்கே அவரை வைத்துக்கொள்ளவில்லை, 2003இல் தீவுக்கே திரும்ப வந்துவிட்டார். வயது 16. சேன் ஜோசஃபில் எக்செல்சியோர் கிளப்புக்கு ஆடினார். இங்கிருந்து போய்த் திரும்பி வந்த பையன்கள் நிறையப் பேர், வந்தவர்கள் பெரும்பாலும் வந்ததோடு சரி. இவர் மட்டும் 2005இல் மறுபடி கிளம்பி நாந்த் போனார். அந்தப் பதினாறு வயசுப் பையனை சேன் ஜோசஃப் மைதானத்தில் பார்த்தவர்கள் 2016இல் எங்கள் பாரில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

2016 யூரோவே அவர் கோலில்தான் தொடங்கியது. முதல் ஆட்டம் ருமேனியாவோடு, 89ஆவது நிமிடம், இடது காலால் அடித்தார், மேல் மூலையில் போய் விழுந்தது. 2–1. கொஞ்ச நேரத்தில் மாற்றி வெளியே அழைத்தபோது அழுதுகொண்டே போனார். அப்புறம் அல்பேனியாவோடு ஒன்று, ஐஸ்லாந்தோடு ஒன்று. அரை இறுதியில் ஜெர்மனியை 2–0 என்று ஜெயித்த ராத்திரி இங்கே கடற்கரைச் சாலையில் ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை.

இறுதி ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸுக்குப் பக்கத்தில் சேன் தெனி ஊரில் இருக்கும் ஸ்தாத் தெ பிரான்ஸ் மைதானம். எங்கள் தீவின் தலைநகரும் சேன் தெனிதான், அதனால் புதுச்சேரியிலிருந்து அம்மா போன் பண்ணி “மேட்ச் உங்க சேன் தெனியிலதானாமே, நேர்ல போய்ப் பாக்கலாமில்ல?” என்று கேட்டார். இடையில் 9,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது அம்மா என்றேன்.

ஆட்டம் தொடங்கியது இங்கே இரவு 11 மணிக்கு. கூடுதல் நேரமும் சேர்ந்ததால் முடிந்தபோது ஒன்றரை மணி தாண்டிவிட்டது. விடிந்தால் திங்கள்கிழமை வேலை. ஜூலை இங்கே குளிர்காலம் என்பது உனக்கு இப்போது தெரிந்திருக்கும், கடல் காற்று வேறு. பார்க்காரர் வெளியே திரை கட்டியிருந்தார், எல்லோரும் ஜெர்சிக்கு மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தோம்.

4 ஜூலை 2024, மாலை

யார் யார் இருந்தோம் என்று அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். காரைக்கால் அண்ணன், அவர் தம்பி மனைவியின் அண்ணன் (அவர் இங்கே மருந்துக் கடையில் வேலை), நான், அப்புறம் கோவில் தம்பி. கோவில் தம்பி என்று நாங்கள் கூப்பிடுவது இங்கேயே ஆறேழு தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பையனை. வீட்டில் பேசுவது கிரியோல் (இந்தத் தீவின் பேச்சு மொழி), தமிழை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கற்றுக்கொண்டான், தேவாரத்தைப் பிழையில்லாமல் பாடுவான், ஆனால் கடையில் பால் வாங்குவதைத் தமிழில் சொல்லச் சொன்னால் தயங்குவான். எங்கள் மேஜையில் ஆட்டம் முழுக்கத் தமிழும் கிரியோலும் பிரெஞ்சும் ஒன்றாகத்தான் ஓடின. திட்டுவதற்கு மட்டும் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள், பக்கத்து மேஜைக்குப் புரியாது என்ற தைரியம்.

பக்கத்து மேஜையிலும் பின் மேஜையிலும் பயெட் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களே இருந்தார்கள். ஆச்சரியம் இல்லை, இந்தத் தீவில் பயெட், ஹொவாரோ, குரோந்தேன் பெயர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களில் யாரும் சொந்தக்காரர் இல்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அன்றைக்கு எல்லோரும் சொந்தக்காரர்தான்.

8ஆவது நிமிடத்தில் ரொனால்டோ விழுந்தபோது பார் எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன். யாரும் கை தட்டவில்லை. ஒரு பையன் மட்டும் கத்தினான், அவன் அப்பாவே அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். ரொனால்டோ இரண்டாவது முறை தரையில் உட்கார்ந்து அழுதார், முகத்தில் ஒரு அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது (முந்தின ராத்திரி மைதான விளக்கை அணைக்காமல் விட்டதால் பூச்சி கூட்டம் கூட்டமாக வந்திருந்தது). அப்போது காரைக்கால் அண்ணன் சொன்னார்: “ஐயோ, நம்ம பையன் தலையில விழப் போவுது பாரு.” விழுந்தது. எட்டு வருடம் கழித்தும் உன் வேலை இடத்தில் ஒருவர் பாவம், சாபம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்.

6 ஜூலை 2024, விடியற்காலை

பிரான்ஸ் ஜெயித்துவிட்டது. 0–0, பெனால்ட்டியில் 5–3. போர்ச்சுகலுக்கு ஃபெலிக்ஸ் அடித்தது கம்பத்தில் பட்டது, தியோ எர்னாண்டஸ் கடைசிப் பந்தை உள்ளே போட்டார். போர்ச்சுகலின் முதல் பெனால்ட்டியை ரொனால்டோ உள்ளே போட்டார். முடிந்ததும் 41 வயசுப் பெப்பே அழுதார், ரொனால்டோ கட்டிப் பிடித்துக்கொண்டார். 2016 இறுதியில் ஆட்ட நாயகன் அதே பெப்பேதான். எங்கள் பாரில் அவருக்குக் கை தட்டினார்கள். நான் நின்றுகொண்டு தட்டினேன்.

கேள்வி கேட்ட தம்பி வரவில்லை, மொபைலில் பார்த்தானாம். சரி, அடுத்த ஆட்டத்துக்கு வா.

6 ஜூலை 2024, மதியம்

தூங்கி எழுந்து பார்த்தால் ஒருவர் எழுதியிருக்கிறார்: “2016இல் பயெட் நன்றாகவே ஆடவில்லை, பாசத்தில் பேசாதீர்கள், பயிற்சியாளர் தெஷான் அவரை இறுதி ஆட்டத்தின் நடுவில் எடுத்தது சரிதான்.”

இது நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு பதில் என்னிடம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

பாரில் இருந்தபோது: 58ஆவது நிமிடத்தில் பயெட்டை எடுத்துவிட்டு கொமானை அனுப்பியதும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. ஒரு பெரியவர் எழுந்து கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்கே போனார். அவருக்கு பிரான்ஸ் ஜெயிப்பதும் தோற்பதும் அதற்கப்புறம் ஒன்றுதான். மீதிப் பேர் பியரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். தெஷானைத் தமிழில் என்னென்ன சொன்னோம் என்பதை இங்கே எழுத முடியாது.

அடுத்த வாரம் வீட்டில் முழு ஆட்டத்தையும் தனியாகத் திரும்பப் பார்த்தபோது: கொமான் வந்த பிறகுதான் பிரான்ஸ் இடது பக்கத்தில் வேகம் பிடித்தது. 66ஆவது நிமிடத்தில் அவர் தூக்கிக் கொடுத்த பந்தைத்தான் கிரீஸ்மான் தலையால் மேலே அடித்தார், அது உள்ளே போயிருந்தால் கோப்பை பிரான்சுக்கு. அன்றைக்குப் பிரான்சில் சிறப்பாக ஆடியது சிசோகோ, பாரில் யாரும் அவர் பெயரைச் சொன்னதாக நினைவு இல்லை. பயெட்டோ ரொனால்டோ வெளியே போனதிலிருந்து தயங்கித் தயங்கித்தான் ஆடினார். ஒவ்வொரு முறை பந்து வந்தபோதும் போர்ச்சுகல் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள்.

அதனால் மாற்றியது சரி. மாற்றியதைப் பார்த்து நாங்கள் கொதித்ததும் சரி. ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கோவில் தம்பி இதைப் படித்துவிட்டு “அண்ணே, கட்சி மாறிட்டீங்களா” என்று கேட்டிருக்கிறான். இல்லைடா.

7 ஜூலை 2024

முதல் கேள்வி அப்படியே நிற்கிறது, பாரா வீடா என்று. என் முடிவு: இறுதி ஆட்டம் என்றால் முதலில் பாரில் பார், அப்புறம் இரண்டு நாள் விட்டு வீட்டில் தனியாகப் பார். ஆட்டம் யாருக்கு என்னவாக இருக்கிறது என்பது பாரில் தெரியும். யார் எப்படி ஆடினார்கள் என்பது வீட்டில்தான் தெரியும்.

பாருக்குப் போவதென்றால் சில விஷயம். முதலாவது, பார்க்காரர் எதில் பிடித்துக் காட்டுகிறார் என்று கேள். ஆண்டெனாவில் வரும் படம் சீக்கிரம் வரும். இணையப் பெட்டி வழியே வந்தால் படத்தைச் சுருக்கி அனுப்பி இங்கே சேர்த்து வைத்துக் காட்டுவதால் பல நொடி தாமதம், மொபைல் ஆப் இன்னும் மோசம். 2016இல் எங்கள் பார் இணையம், நாலு கடை தள்ளி இருந்த பார் ஆண்டெனா. 109ஆவது நிமிடத்தில் அங்கிருந்து “ஆ” என்று ஒரு சத்தம் வந்தது, சந்தோஷச் சத்தம் இல்லை. எங்கள் திரையில் போர்ச்சுகலின் எடெர் அப்போதுதான் பந்தை வாங்கினார், பிரான்சின் கொஷியெல்னி அவர் முதுகை ஒட்டி நின்றார். என்ன நடக்கப் போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நகர்ந்தார், நகர்ந்தார், 20 மீட்டருக்கும் மேலிருந்து தாழ்வாக அடித்தார். மூலையில். இடி விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது, வண்டி. சட்டத்தில் எல்லை லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு 0.2 தான். பெரிய ஆட்டம் முடிந்ததும் ரவுண்டானாவில் ஜான்தாமேரிக்காரர்கள் (இங்கத்திய போலீஸ்) நிற்பார்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் லெமனேடு மட்டும் குடிப்பார், முறை வைத்துக்கொள்வோம்.

மூன்றாவது, வயிறு. வெறும் டோடோ பியரை (இந்த ஊர் பியர்) மூன்று மணி நேரம் குடிக்காதே. சமூசா, பூஷோன் (ஆவியில் வேகவைத்த கறிக் கொழுக்கட்டை), பொன்போன் பிமான் எல்லாம் கிடைக்கும். பொன்போன் பிமானைப் பார்த்ததும் உனக்கு நம் ஊர் வடை ஞாபகம் வரும், கடலைப் பருப்புக்குப் பதில் மொச்சை போல இருக்கும் வெள்ளைப் பருப்பை அரைத்துச் சுடுவார்கள். பழம் ஊறப் போட்ட ரம்மை ஜெயித்தால் மட்டும் தொடு.

8 ஜூலை 2024

எடெர் கோலுக்கு முன்னால் நடந்ததை ஒருவர் நினைவுபடுத்தினார், நன்றி, நானே எழுதியிருக்க வேண்டியது. கை பட்டதற்காக கொஷியெல்னிக்கு மஞ்சள் அட்டையும் போர்ச்சுகலுக்கு ஃப்ரீ கிக்கும் கொடுத்தார்கள், ஆனால் பட்டது எடெரின் கை. அந்த யூரோவில் வீடியோ நடுவர் இல்லை. குரைரோ அடித்தது மேல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அடுத்த நிமிடமே கோல். குரைரோ பிறந்தது அந்த மைதானத்துக்குப் பக்கத்து ஊரான லெ பிளான் மெனிலில், எடெர் அப்போது ஆடிக்கொண்டிருந்தது பிரான்சின் லில் கிளப்புக்கு. பிரான்சைத் தோற்கடித்தவர்களைப் பிரான்ஸே வளர்த்து வைத்திருந்தது.

பாவத்தால் தோற்றோம் என்கிறவர்கள் 92ஆவது நிமிடத்தையும் பார்க்க வேண்டும். ஜின்யாக் பெப்பேயை ஏமாற்றித் திரும்பி அடித்த பந்து கம்பத்தில் பட்டது. நாங்கள் எழுந்து குதித்தே விட்டோம், மருந்துக் கடை மச்சான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ஒரு கை அகலம் உள்ளே வந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சே இல்லை, பயெட் உலகத்துக்கே நல்லவர்.

10 ஜூலை 2024

அரை இறுதியில் ஸ்பெயின் 2, பிரான்ஸ் 1. கோலோ முவானி 9ஆவது நிமிடத்திலேயே போட்டார், எம்பாப்பே மூக்குக் காயத்துக்குப் போட்டிருந்த முகமூடியைக் கழற்றிவிட்டு ஆடினார், நல்ல சகுனம் என்றார்கள். பிறகு 21இல் யமால், 25இல் ஒல்மோ. யமால் அடித்ததை எதிரி என்று பாராமல் ரசித்தோம், 16 வயசுப் பையன்.

கேள்வி கேட்ட தம்பி வந்திருந்தான். பேசவே இல்லை, திரையைவிட ஆட்களைத்தான் அதிகம் பார்த்தான். போகும்போது பின் மேஜைப் பெரியவரிடம் பயெட் பற்றி ஏதோ கேட்டு மாட்டிக்கொண்டான், கதவு சாத்தும்வரை அவர் விடவில்லை.

12 ஜூலை 2024

பிரான்ஸ் இல்லாத இறுதிக்குப் பார் எதற்கு என்று கேட்கிறார்கள். 2018ஐ நினைத்துப் பாருங்கள், பிரான்ஸ் இருந்தும் பயெட் இல்லை. மே 16, லியோனில் யூரோப்பா லீக் இறுதி, மார்செய் அணியின் கேப்டன் அவர், 32ஆவது நிமிடத்தில் தசை பிடித்து அழுதுகொண்டே வெளியே வந்தார். மறுநாளே தெஷான் உலகக் கோப்பைப் பட்டியலை அறிவித்தார், அதில் அவர் பெயர் இல்லை. ஜூலை 15 குரோஷியாவை 4–2 என்று ஜெயித்தபோது இங்கே மாலைதான், 7 மணிக்குத் தொடங்கிய ஆட்டம், குழந்தைகள் எல்லாம் இருந்தார்கள். ஆட்டம், பாட்டு, கடற்கரை முழுக்கக் கொடி. நானும் ஆடினேன். ஆனாலும் அந்தக் கோப்பையை அவர் தூக்கியிருக்க வேண்டும் என்று அன்று ராத்திரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டேதான் கலைந்தோம்.

2022 உலகக் கோப்பை இறுதி இன்னொரு மாதிரி. டிசம்பர் 18, நல்ல வெயில் காலம். கோவில் தம்பி பாண்டியாலே அம்மனுக்கு (நம் திரௌபதி அம்மன்தான்) தீ மிதிக்கக் காப்புக் கட்டியிருந்தான். பதினெட்டு நாள் விரதம், கறி கிடையாது, குடி கிடையாது, அவன் பார் வாசலைக்கூட மிதிக்க மாட்டேன் என்றுவிட்டான். அவனை விட்டுவிட்டுப் பார்க்க எங்களுக்கு மனசில்லை. பார்க்காரரிடம் சொல்லிவிட்டு மருந்துக் கடை மச்சான் வீட்டு முற்றத்தில் திரை கட்டினோம், சைவச் சாப்பாடு, லெமனேடு. எம்பாப்பே 80, 81 என்று இரண்டு கோல் போட்டபோது தம்பி கும்பிட்டபடி நின்றான். கடைசி நொடிகளில் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை மார்த்தினேஸ் காலை நீட்டித் தடுத்தார், பெனால்ட்டியில் கொமானும் சுவாமேனியும் விட்டார்கள், அர்ஜென்டினா 4–2. யாரும் குடிக்காமல் பார்த்த ஒரே இறுதி. ஒவ்வொரு நொடியும் இன்னும் தெளிவாக இருக்கிறது.

ஆகவே பார் என்று நான் சொல்வது பியருக்காக இல்லை. கூட்டம் சேர்கிற இடம் எதுவோ அதுதான்.

15 ஜூலை 2024

நேற்று பிரான்சின் தேசிய விழா, ஊரெல்லாம் வாணவேடிக்கை முடிந்து 11 மணிக்கு ஸ்பெயின், இங்கிலாந்து இறுதி ஆட்டம். கூட்டம் பாதிதான், ஆனால் இருந்தவர்கள் எல்லோரும் விளையாட்டுக்காகவே வந்தவர்கள். இடைவேளையில் ரோட்ரி காயத்தால் போய்விட்டார், ஸ்பெயின் அவ்வளவுதான் என்று அண்ணன் சொன்னார், 47இல் யமால் தள்ளிக் கொடுக்க நிக்கோ வில்லியம்ஸ் போட்டார். இங்கிலாந்துக்கு பால்மர் 73இல் சமன் செய்தார். 86இல் ஒயர்சபால். கடைசியில் கோல் கோட்டில் நின்று ஒல்மோ தலையால் தடுத்தாரே, அதற்கு எழுந்த சத்தம் கோலுக்குக்கூட எழவில்லை.

கேள்வி கேட்ட தம்பி இந்த முறை வாயைத் திறந்தான். இங்கிலாந்துக் கட்சி! தனி ஆளாகக் கடைசி வரை வாதாடினான், எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று.

18 ஜூலை 2024

பயெட் இப்போது எங்கே என்று கேட்டவருக்கு: போன வருடம் ஆகஸ்டிலிருந்து பிரேசிலில், வாஸ்கோ ட காமா கிளப்பில். வயது 37. ரியோ நம்மைவிட 7 மணி நேரம் பின்னால், அங்கே மாலை 7 என்றால் இங்கே ராத்திரி 2. எந்தப் பாரும் திறந்திருக்காது. கோவில் தம்பி அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறான், சில வாரம் நானும் போகிறேன். சேன் பியரில் இருப்பவர்கள் வருவதென்றால் முந்தின நாளே சொல்லுங்கள், அவன் அம்மா எல்லோருக்கும் காப்பி போட்டு ஃபிளாஸ்கில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்.